முடியாது என்று சொல்லாத சிக்னல்காரர்

“அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரு” என்றார்.

நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எங்கள் எதிர்வீட்டு மாமா. சொந்தத்தில் மாமா இல்லை, தெருவில் மாமா. துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷம் சிக்னல்காரராக இருந்தவர். அதற்கு நாலு மாதத்துக்கு முன்னால் கப்பலில் இரும்புக் கம்பி இழுத்து அவருடைய இடது கை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே துண்டாகிப் போய்விட்டது. அதற்கு இழப்பீடு கேட்கிற மனுவைத்தான் நான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“எந்த வரி மாமா?”

“இனி என்னால் அந்த வேலையைச் செய்ய முடியாதுன்னு ஒண்ணு வருதுல்லா. அது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி அடித்திருப்பேன். “மாமா, மனுவுல இருக்கதே அந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் அட்ரஸ்.”

“அப்பம் வேற மாதிரி எழுது. கொஞ்சம் செரமமா இருக்குன்னு எழுது.”

விஷயம் இதுதான். மணிக்கட்டோடு கை போனால் அறுபது சதவீத ஊனம் என்று சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அந்த அறுபதைத் தர இன்சூரன்ஸ் கம்பெனி அன்றைக்கே தயார். ஆனால் அந்தக் கை போனதால் அவர் பார்த்த வேலையே அவருக்கு இனி இல்லை என்று நிரூபித்துவிட்டால், அதை முழு ஊனமாக எடுத்துக்கொண்டு முழு இழப்பீடு கொடுக்க வேண்டும். மாமா காண்ட்ராக்ட் ஆள். பென்ஷன் கிடையாது. வீடு பேங்கில் அடமானத்தில் இருந்தது. அறுபது என்றால் வீடு போகும், நூறு என்றால் நிற்கும். அதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதிகாரி முன்னால் நின்று “என்னால் முடியாது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம், அந்த மனுஷனிடம் மட்டும் வாங்க முடியாது.

சிக்னல்காரர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கப்பலின் மேல்தட்டில் கிணறு மாதிரி ஒரு பெரிய திறப்பு இருக்கும். ஹேட்ச் என்பார்கள். சரக்கு அதற்குள்தான் இறங்கும். உயரத்தில் உட்கார்ந்திருக்கிற கிரேன்காரருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஹேட்ச் விளிம்பில் நின்று உள்ளேயும் மேலேயும் மாறி மாறிப் பார்த்துக் கையைக் காட்டுகிறவர்தான் சிக்னல்காரர். அவர் கை சொல்வதைத்தான் கிரேன் செய்யும். மாமா எந்த வெயிலிலும் வெள்ளை முழுக்கைச் சட்டைதான் போடுவார். தூரத்திலிருந்து கை தெரிய வேண்டுமாம். ஆள் என்னவோ ஐந்தடிக்கு ஒரு விரல்கடை கூட. ஆனால் கையைத் தூக்கிவிட்டால் ஆளே வேறு.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. மாமி குழம்பு ஊற்றினால் விரல் நாலும் கீழ்நோக்கி அசையும். மெல்ல என்று அர்த்தம். உள்ளங்கையை மடக்கினால் போதும் என்று அர்த்தம். தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குள் பின்னால் வந்தால் போதும், சாப்பிடுகிற கையோடு எழுந்து ஓடி வந்து நின்றுவிடுவார். டிரைவர்களும் கண்ணாடியில் அவரைத்தான் தேடுவார்கள்.

எங்கள் வீட்டு பீரோ கதையைக் கேளுங்கள். என் கல்யாணச் சீர் அது. மாடிக்கு ஏறாது என்று நாலு பேர் பாதிப் படியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். மாமா வந்தார். படியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். “முடியாதுன்னு பீரோவா சொல்லிச்சு?” என்று கேட்டார். பிறகு அந்த நாலு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, கீழே நின்று கையை மட்டும் ஆட்டி ஆட்டி, பத்து நிமிஷத்தில் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார். சுவரில் ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாராவது முடியாது என்றால் மற்றவர்கள் சேர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். திறக்காத ஊறுகாய் பாட்டிலையும் கேட்போம், கணக்கில் பெயிலான பிள்ளையையும் கேட்போம்.

கை போன பிறகும் அவர் அப்படியேதான் இருந்தார். அதுதான் எங்களுக்கு வினையே. சட்டை பட்டனை ஒரு கையால் போடுவார். கைலியை ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடுவார். ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், சீலா மீனின் வாலைக் கால் பெருவிரலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்துக்கொண்டிருக்கிறார். மாமி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிட்டே போனால் கடித்துக் குதறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மாமாவும் மாமியும் ஊனச் சான்றிதழுக்குப் போனபோது வக்கீல் சார் என்னையும் கூட அனுப்பினார். மெனக்கெட்டு அனுப்பினாரே, நான் அங்கே போய் வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம்.

“சட்டை நீங்களே போட்டுக்குவீங்களா?” டாக்டர் கேட்டார்.

“போடுவேன் சார்.”

“சாப்பாடு?”

“சமைக்கவே செய்வேன். எங்க வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தா நாந்தான் சமையலு.”

“கனமான பொருள் தூக்குவீங்களா?”

மாமா அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு தண்ணீர்க் கேன் இருந்தது. நான் கண்ணைக் காட்டுகிறேன், தொண்டையைக் கனைக்கிறேன், காலை மிதிக்கிறேன். கேன் தோளுக்குப் போய்விட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். அறுபது சதவீதம், மற்ற வேலைகளைத் தானே செய்துகொள்கிறார் என்று. வெளியே வந்து நான் அவரைப் பிடித்த பிடியில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்க வீட்ட நீங்களே பேங்குக்குத் தூக்கிக் குடுத்துட்டு வாறிய மாமா. தோள்லயே வச்சுக் கொண்டுபோயிருங்க.”

“என்னமா கோவம் வருது இவளுக்கு” என்றார் மாமியிடம். மாமி சிரிக்கவில்லை.

ஆனால் நான் மட்டும் யோக்கியமா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தோணியார் கோயில் திருவிழா வந்தது. சப்பரம் சாயங்காலம் புறப்பட்டு எங்கள் தெருவுக்குள் வரும். அந்த முக்கில் ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர், இன்னொரு பக்கம் பேக்கரியின் சன்ஷேட். இரண்டு மாடி உயரச் சப்பரம் அதற்கு நடுவில் திரும்ப வேண்டும். வருஷா வருஷம் மாமாதான் முன்னால் நின்று கையைக் காட்டித் திருப்பிவிடுவார். அந்த வருஷம் வக்கீல் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வழக்கு முடிகிற வரைக்கும் அவர் பொது இடத்தில் எதையும் தொடக்கூடாது என்று. நான் போய்ச் சொன்னேன். “சரி ஏளா” என்றார். அவ்வளவு லேசாகச் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சப்பரம் முக்கில் மாட்டிக்கொண்டது. முன்னால் இழுத்தால் சன்ஷேட், பின்னால் தள்ளினால் வயர். கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களுக்குக் கை கடுக்க ஆரம்பித்துவிட்டது. சாமியார் மைக்கில் செபமாலையை நிறுத்திவிட்டு “மெதுவா, மெதுவா” என்கிறார். “திரும்பாது, பின்னால எடுங்கலே” என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெள்ளைச் சட்டை வந்து நின்றது. வலது கை மேலே போனது. நூறு பேர் சத்தம் அப்படியே அடங்கியது. அந்தக் கை இந்தப் பக்கம் என்றால் சக்கரம் இந்தப் பக்கம் வருகிறது, விரல் அசைந்தால் ஒரு சாண் நகர்கிறது. சப்பரம் சன்ஷேடை உரசாமல், வயரைத் தொடாமல், மேலே ஒரு பல்பு கூட ஆடாமல் திரும்பி எங்கள் தெருவுக்குள் முகத்தைக் காட்டியது. வெடி போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் மாடியில் நின்று போனில் முழுசையும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். வக்கீலாவது, வழக்காவது. அடுத்த நிமிஷம் அதை ஸ்டேட்டஸில் போட்டேன்.

காலையில் எழுந்ததும்தான் புத்தி வந்தது. அழித்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விசாரணைக்குத் திருநெல்வேலிக்குப் போனோம். மாமா, மாமி, வக்கீல் சார், நான். தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளைக் கேட்கிற அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அவரே குறிப்பு எழுதுவார். விபத்து நடந்ததை இன்சூரன்ஸ் தரப்பு மறுக்கவில்லை. அறுபதா நூறா என்பது மட்டும்தான் கேள்வி. வக்கீல் சார் மாமாவிடம் பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிக் கூட்டி வந்திருந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். நல்ல அமைதியான மனிதர். ஒரு லேப்டாப்பை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தார். திரையில் எங்கள் தெரு முக்கு. நான் அழிப்பதற்குள் யாரோ அதை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அந்த அறை முழுக்க என்னுடைய குரல். “ஏளா பாரு பாரு, எங்க மாமா ஒத்தக் கையால எப்படித் திருப்புதாருன்னு பாரு!”

எங்கள் வக்கீல் சார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். என் வேலை அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். வேலை போகட்டும், மாமியின் வீடு? ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

“இது நீங்கள்தானே?”

“நாந்தான் சார்” என்றார் மாமா. முகத்தில் என்ன ஒரு பெருமை! கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்.

“சப்பரம் எங்கேயாவது இடித்ததா?”

“நான் நின்னு எதுவும் இடிச்சதில்ல சார்.”

எங்கள் வக்கீல் சார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“ஆக, ஒரு கையாலேயே உங்கள் தொழிலை இவ்வளவு திறமையாகச் செய்கிறீர்கள்.”

“ஒத்தக் கையா?” மாமா நெற்றியைச் சுருக்கினார். “இன்னொருக்க போடுங்க சார்.”

போட்டார்கள். திரும்பவும் என் குரல். மாமா கிட்டே போய்க் குனிந்து, “அங்கன நிப்பாட்டுங்க” என்றார். வலது கையின் விரலைத் திரையில் வைத்தார். “என் இடது தோளுக்குப் பின்னால ஒரு கை மேல நிக்குது பாருங்க. பழுப்புக் கலரு ரவிக்கை.”

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கூட்டத்தில் ஆயிரம் கை இருந்தது. படம் பிடித்த எனக்கே அது தெரியவில்லை.

“அது எங்க வீட்டுக்காரி கை மேடம்.”

பின் பெஞ்சிலிருந்து மாமி எழுந்து நின்றாள். “நாந்தான் மேடம்” என்றாள்.

“நான் வலது கையக் காட்டுவேன். இடது பக்கம் காட்ட வேண்டியிருந்தா தோள அசைப்பேன். அவ என் தோள்ல ஒரு கைய வச்சுக்கிட்டு, மத்தக் கையால காட்டுவா. ஒரு மாசம் மாடில நின்னு பழகுனோம்.” அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. அந்த மாதம் பூராவும் இரண்டு பேரும் கருவாடு காயப்போடத்தான் மாடிக்குப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இன்சூரன்ஸ் வக்கீல் அசரவில்லை. “மிகவும் நல்லது. அப்படியென்றால் உங்களுக்கு ஒரு துணை ஆள் இருந்தால் போதும். அப்படி ஒருவரைக் கொடுத்து நாளைக்கே உங்களைப் பழைய இடத்தில் நிறுத்தினால் வேலை பார்ப்பீர்களா?”

பழைய இடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமாவின் வலது கை விரல்கள் தானாக அசைந்ததை நான் பார்த்தேன். அவருக்கு வேறு என்ன வேண்டும்? தினமும் காலையில் துறைமுக ரோட்டில் போய் நின்று தூரத்தில் தெரிகிற கிரேனைப் பார்த்துவிட்டு வருகிற ஆள். பார்ப்பேன் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

“ஹேட்ச்சுக்குள்ள கீழ யாரு நிப்பா சார்?” என்று கேட்டார்.

“யாராவது ஆட்கள் நிற்பார்கள்.”

“எட்டுப் பேர் நிப்பாவ.” மாமா அதிகாரியின் பக்கம் திரும்பினார். “கம்பி இழுத்துக் கை போச்சுன்னு எழுதியிருக்கு மேடம். கம்பி ஏன் இழுத்துச்சுன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

எங்கள் வக்கீல் சார் பாதி எழுந்துவிட்டார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

“சரக்கக் கட்டி எறக்குற கம்பி ஹேட்ச் விளிம்புல மாட்டிக்கிட்டு. எடுக்க முடியாதுன்னானுவ. முடியாதுன்னு கம்பியா சொல்லிச்சுன்னு நான் இடது கைய உள்ள விட்டேன். சிக்னல்காரன் சரக்குல கைய வைக்கவே கூடாது, நான் வச்சேன். அப்பம் கம்பி லேசா இறுகுச்சு. நிறுத்துன்னு சொல்லணும். எங்க கப்பல்ல நிறுத்துன்னா ரெண்டு கையும் தலைக்கு மேல குறுக்க வரணும். எனக்கு ஒரு கை கம்பிக்குக் கீழ கெடக்கு. மத்தக் கைய மட்டும் தூக்குனேன். ஒத்தக் கை மேல போனா தூக்குன்னு அர்த்தம் மேடம். அவன் தூக்கிட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் காட்டுனததான் அவன் செஞ்சான்.”

மாமா இன்சூரன்ஸ் வக்கீல் பக்கம் திரும்பினார்.

“துணைக்கு ஆள் தாரேங்கிய. இருபத்தி ரெண்டு வருசமா என் கூட இருக்கா இவ. இவளே அன்னைக்கு ரெண்டு தடவ பிந்திட்டா. சப்பரம்ங்கவும் தப்பிச்சோம். கிரேன் அந்த நேரம் குடுக்காது. அங்கன என்னய நிறுத்துனா கீழ உள்ளவன் ஒருத்தன் சாவான்.” மறுபடி அதிகாரியைப் பார்த்தார். “என்னால முடியாது மேடம். அங்கன என்னய நிறுத்தாதிய.”

பின் பெஞ்சில் மாமி முகத்தை மூடிக்கொண்டாள். இன்சூரன்ஸ் வக்கீல் லேப்டாப்பை மூடிவிட்டு, “வேறு கேள்வி இல்லை” என்றார். அதிகாரி மாமா சொன்னதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். மாமா தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் சாரிடம் வீடியோவை எடுத்தது நான்தான் என்று சொல்லப் போனேன். “உன் குரலை எனக்கு அடையாளம் தெரியாதாம்மா?” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை கம்பியில் சிக்கியது மாமாவுடைய தப்பு என்று வந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமா என்று கேட்டேன். வேண்டுமென்று செய்தது இல்லை, வேலையில் நடந்தது, அதனால் பாதகமில்லை என்றார். இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் ஆபீஸுக்குப் போனதும் தபாலைத்தான் முதலில் பார்ப்பேன். ஊர் திரும்பிய பஸ்ஸிலும், அதற்கப்புறம் பல நாளும், மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் லாரி வந்தாலும் அவர் வெளியே வரவில்லை. டிரைவர்கள் தாங்களாகவே இடித்துப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் ஆபீஸிலிருந்து ஓடி வந்தேன். செருப்பு ஒன்று மட்டக்கடை முக்கில் அறுந்து போயிற்று, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமி வாசலில் மீன்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். “மாமி, நூறு, நூறு” என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. தெருவே கூடிவிட்டது. வாசி வாசி என்றார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே வாசித்தேன். “மனுதாரர் தாம் செய்துவந்த பணியை இனி ஒருபோதும் செய்ய இயலாதவர் என்பதால், அவருக்கு ஏற்பட்டது முழுமையான நிரந்தர ஊனம்…”

மாமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அழுதுகொண்டிருந்தாள். “மெல்ல வாசி ஏளா. உள்ளதான் இருக்காவ, காதுல விழுந்துரும்.”

நான் நிறுத்திவிட்டேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“சத்தமாவே வாசிக்கட்டும். நான் சொன்னததான எழுதியிருக்கு.”

நான் முதல் பக்கத்தைத் திருப்பி, தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடி ஆரம்பித்தேன்.